12 வோல்ற்று இருந்தும் கார் ஸ்ராட் ஆகாதது ஏன்?

(மின்னோட்டவியலும் மின்காந்தத் தூண்டலும் – பிரயோகப் பாடம்)



கீழே உள்ள வினாவை முதலில் வாசியுங்கள். உங்கள் விடையை ஒரு சிறு தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளுங்கள். பாடத்தின் நடுவில் அதைத் திறந்து பார்ப்போம்.

வினா: ஒரு பழைய காரின் பற்றரியில் அழுத்த வித்தியாசம் 12.4 வோல்ற்று. எரிபற்றற் சுருளுக்கு, அதாவது கராஜில் கொயில் என்று சொல்லப்படுவதற்கு, வரும் வயரிலும் 12.4 வோல்ற்று காட்டுகிறது. தொடக்கி மோட்டர் எஞ்சினை நன்றாகச் சுழற்றுகிறது. பெற்றோல் வருகிறது. ஆயினும் எஞ்சின் பற்றவில்லை. கொயில் பழுது என்று முடிவு செய்யலாமா?

வகுப்பில் இதைக் கேட்டபோது பெரும்பாலானோர் "ஓம் சேர்" என்றார்கள். ஓமின் விதியை மறந்தால் இப்படித்தான் ஓம் சொல்ல வரும்.

இது நான் கற்பனை செய்த வினா அன்று. எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இருந்தார். அவரிடம் 1960களில் செய்யப்பட்ட மொறிஸ் மைனர் கார் ஒன்று இருந்தது. கலியாண வீடுகளுக்கு அதை ஓட்டிச் சென்று, ஓய்வூதியத்தோடு கொஞ்சம் சேர்த்துக்கொள்வார். ஒரு நாள் அது பற்ற மறுத்தது. வந்து பார்த்தவர் மானியை வைத்துப் பார்த்துவிட்டு, "கரண்ட் வருகுது ஐயா, கொயில்தான் போயிற்று" என்றார். புதுக் கொயில் வாங்கினார், கார் பற்றவில்லை. பிறகு பற்றரி சரியில்லை என்றார்கள். மனைவியின் காப்பை அடகு வைத்துப் புதுப் பற்றரி வாங்கினார். கார் உடனே பற்றியது. எல்லோருக்கும் சந்தோசம். இரண்டு கிழமைக்குப் பின், அவருடைய பேத்தி சாதாரண தரப் பரீட்சையின் விஞ்ஞானப் பாடத்துக்குப் போகவேண்டிய காலையில், அதே கார் அதே இடத்தில் பழையபடி நின்றது. பிள்ளை அயல்வீட்டு மோட்டார் சைக்கிளில் ஏறி, மணி அடிக்கச் சற்று முன்னர்தான் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அவள் என்னுடைய மாணவி. கை நடுக்கம் தீர அரை மணி நேரம் போனதாகப் பின்னர் சொன்னாள்.

இரண்டு பொருள் வாங்கியும் பழுது போகவில்லை. ஏனெனில் பழுது அந்த இரண்டிலும் இருக்கவில்லை. எங்கே இருந்தது என்பதை ஓமின் விதியே சொல்லும். (நான் கலைப் பட்டதாரி. இதை எனக்குச் சொல்லித்தந்தது புத்தகம் அன்று. ஒயறிங் வேலை செய்யும் ஒரு முதியவர். ஆகையால் உங்களால் விளங்க முடியாத எதையும் இதில் எழுத எனக்குத் தெரியாது.)

1. மின்னோட்டம் இல்லாத இடத்தில் எடுத்த வாசிப்பு

வீட்டு நீர்த்தாங்கியிலிருந்து வரும் குழாயில் பாசி அடைத்திருக்கிறது என வைத்துக்கொள்வோம். திருகு குழாயை மூடி வைத்து அங்குள்ள அமுக்கத்தை அளந்தால், தாங்கியின் முழு உயரத்துக்குரிய அமுக்கமே இருக்கும். பாசி இருப்பது தெரியாது. குழாயைத் திறந்து நீரை ஓட விட்டால்தான் நூல்போல் ஒழுகும். அப்போதுதான் அடைப்புத் தெரியவரும்.

மின்சுற்றும் அவ்வாறே. ஒரு தடைக்குக் குறுக்கே இழக்கப்படும் அழுத்த வித்தியாசம், மின்னோட்டத்தையும் தடையையும் பெருக்கி வருவது. மின்னோட்டம் பூச்சியமாயின், தடை எவ்வளவு பெரிதாயினும் பெருக்கம் பூச்சியமே. நல்ல வோல்ற்றுமானியின் தடை மிகப் பெரியது; அது சுற்றிலிருந்து எடுக்கும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது. ஆகவே துருப்பிடித்த ஆளி, பாசி பிடித்த முடிவிடம், ஒரேயொரு இழையில் தொங்கும் வயர் ஆகிய எல்லாவற்றையும் கடந்து மானி 12.4 என்றே காட்டும். மானி பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட கேள்விதான் பிழை.

இதைப் பரீட்சையில் எழுதும்போது "அழுத்த வித்தியாசம் இருப்பதால் மின்னோட்டம் பாயும்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சுற்று மூடியிருக்க வேண்டும் என்பதையும், பாயும் அளவைச் சுற்றின் மொத்தத் தடை தீர்மானிக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

2. 12 வோல்ற்று 20,000 வோல்ற்று ஆவது எப்படி?

மொறிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்யப்பட்டது. பத்து இலட்சத்தைத் தாண்டி விற்ற முதலாவது பிரித்தானியக் கார் அதுவே. அதில் உள்ள எரிபற்றல் முறையை அமெரிக்கப் பொறியியலாளர் சார்ள்ஸ் கெற்றரிங் 1910ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். அதற்கு அடிப்படையான மின்காந்தத் தூண்டலை மைக்கல் பரடே 1831இல் கண்டறிந்தார் என்பது உங்கள் பாடத்திலேயே உண்டு.

பாதை இதுதான்: பற்றரியிலிருந்து சாவி ஆளிக்கும், ஆளியிலிருந்து வெள்ளை வயரில் கொயிலுக்கும், கொயிலின் முதன்மைச் சுருளூடாக டிஸ்ரிபியூட்டரிலுள்ள பொயின்றுக்கும், பொயின்றிலிருந்து காரின் உடலூடாகத் திரும்பப் பற்றரிக்கும் மின் செல்கிறது. பொயின்ற் என்பது எஞ்சின் சுழலும்போது தானாக மூடித் திறக்கும் ஓர் ஆளி மட்டுமே. மூடியிருக்கும் போது முதன்மைச் சுருளில் மின்னோட்டம் ஏறி மென்னிரும்பு அகணியில் காந்தப் புலம் உருவாகும். திறந்த கணத்தில் மின்னோட்டம் அறும். காந்தப் புலம் சரியும். துணைச் சுருளில் பெரிய மின்னியக்கவிசை தூண்டப்படும். அதுவே பிளக்கின் இடைவெளியில் தீப்பொறியாகப் பாய்கிறது.

இந்த இடத்தில் மாணவர் பலர் வழுக்கி விழுவர். துணைச் சுருளின் முறுக்குகள் முதன்மைச் சுருளினுடையவற்றைப் போல் ஏறத்தாழ 80 மடங்கு என்று கொடுத்தால், 12 ஐ 80 ஆற் பெருக்கி 960 வோல்ற்று என்று எழுதுவார்கள். 960 வோல்ற்றில் உருளைக்குள் ஒரு பொறியும் பாயாது. நிலைமாற்றியின் சமன்பாடு மாறும் மின்னோட்டத்துக்குரியது. பற்றரி தருவது நேரோட்டம். இங்கே நடப்பது வேறு. பொயின்ற் திறக்கும்போது 4 அம்பியர் மிகக் குறுகிய நேரத்தில் பூச்சியமாகிறது. காந்தப் பாயம் மாறும் வீதம் மிக அதிகம். அதனால் முதன்மைச் சுருளிலேயே ஏறத்தாழ 250 வோல்ற்று தற்தூண்டலால் எழும். அதை 80 ஆற் பெருக்குங்கள்: 20,000 வோல்ற்று.

ஆகவே பொறியின் பலத்தைத் தருவது பற்றரியின் 12 வோல்ற்று நேரடியாக அன்று. திறக்கும் கணத்தில் சுருளில் எத்தனை அம்பியர் ஓடிக்கொண்டிருந்தது, அது எவ்வளவு விரைவாக அறுந்தது என்ற இரண்டுமே.

விரைவாக அறுக்கும் வேலையில் கொள்ளளவிக்கும் பங்குண்டு. கராஜில் கொண்டென்சர் என்பர். அதன் கொள்ளளவம் ஏறத்தாழ 0.2 மைக்குரோபரட்டு. அது பொயின்றுக்குச் சமாந்தரமாக இருக்கிறது. அது பழுதானால் பொயின்றுகளுக்கிடையே மின்வில் தோன்றி மின்னோட்டம் இழுபட்டு ஓயும். பொறி நலியும், பொயின்ற் கருகும். பொயின்ற் அடிக்கடி கருகும் காரில் பொயின்றை மட்டும் மாற்றுவது காய்ச்சலுக்குப் பாயை மாற்றுவது போன்றது.

இன்னொன்று. திறந்த வெளியில் பொறி தெரிந்தால் போதாது. உருளைக்குள் வாயு நெருக்கப்பட்டிருப்பதால் அங்கே அதே இடைவெளியைத் தாண்ட அதிக மின்னழுத்தம் வேண்டும். வெளியில் மெலிந்த மஞ்சட் பொறி தருகின்ற கொயில் உள்ளே ஒன்றும் தராமல் விடலாம். நீலமாய், "டிக்" என்ற சத்தத்தோடு பாய்வதே நல்ல பொறி. 1990களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது இந்தக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மண்ணெண்ணெய் குளிரில் எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். இருந்த அந்தச் சில துளியிலேயே பற்றவேண்டும். நலிந்த பொறியோடு அந்த வித்தை நடக்காது.

3. கணித்துப் பார்ப்போம்

மைனரின் கொயிலில் முதன்மைச் சுருளின் தடை ஏறத்தாழ 3 ஓம். பற்றரியை 12 வோல்ற்று எனக் கொள்வோம்.

நல்ல சுற்று, பொயின்ற் மூடியுள்ளது:
மின்னோட்டம் = 12 ÷ 3 = 4 அம்பியர்.

சாவி ஆளியின் உள்ளே தொடுகை தேய்ந்து 2 ஓம் தடை சேர்ந்துள்ளது, பொயின்ற் மூடியுள்ளது:
மொத்தத் தடை = 3 + 2 = 5 ஓம்
மின்னோட்டம் = 12 ÷ 5 = 2.4 அம்பியர்
ஆளியில் இழப்பு = 2.4 × 2 = 4.8 வோல்ற்று
கொயிலுக்குக் கிடைப்பது = 2.4 × 3 = 7.2 வோல்ற்று

அதே பழுது, பொயின்ற் திறந்துள்ளது:
மின்னோட்டம் = 0
ஆளியில் இழப்பு = 0
கொயிலின் முடிவிடத்தில் மானி காட்டுவது = 12 வோல்ற்று

ஒரே கார், ஒரே வயர், ஒரே பழுது. ஒரு வாசிப்பு 7.2, மற்றது 12. பொயின்ற் எந்த நிலையில் நின்றது என்று கேளாமல் எடுத்த வாசிப்புக்கு ஒரு பெறுமானமும் இல்லை என்பது இப்போது விளங்கியிருக்கும். நான்கு உருளை எஞ்சினில், இத்தகைய பொயின்ற் சுற்றின் மூன்றில் இரண்டு பங்கு மூடியும் ஒரு பங்கு திறந்தும் இருக்கும். எஞ்சின் எங்கே ஓய்ந்து நிற்கிறதோ அது அதிட்டம்.

மடித்து வைத்த தாளை இப்போது திறவுங்கள்.

சேதம் எவ்வளவு என்றும் பார்ப்போம். சுருளில் சேமிக்கப்படும் சக்தி மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமன். (இப்போதைக்கு முடிவை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.) 4 அம்பியர் 2.4 ஆகக் குறைந்தால் மின்னோட்டம் 0.6 பங்கு, சக்தி 0.6 × 0.6 = 0.36 பங்கு. அதாவது பொறிக்குரிய சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடவே எஞ்சுகிறது. ஸ்ராட் செய்யும்போது தொடக்கி மோட்டர் பெரிய மின்னோட்டத்தை இழுப்பதால் பற்றரியின் முடிவிட அழுத்தமும் 10 வோல்ற்றளவுக்கு இறங்கும். அப்போது 10 ÷ 5 = 2 அம்பியர்; சக்தி கால்வாசி.

தபாலதிபர் ஐயாவின் புதுப் பற்றரி இரண்டு கிழமை கார் ஓட்டிய மருமமும் இதற்குள் இருக்கிறது. பழைய பற்றரி ஸ்ராட் செய்யும்போது 9 வோல்ற்றுக்கு இறங்கியது எனக் கொள்ளுங்கள்: 9 ÷ 5 = 1.8 அம்பியர். புதியது 10.8 வரை மட்டுமே இறங்கியது: 2.16 அம்பியர். வர்க்கங்களை ஒப்பிட்டால் 3.24 க்கு 4.67. பொறியின் சக்தி ஏறத்தாழ 1.4 மடங்காகியது, எஞ்சின் எல்லையைத் தொட்டுப் பற்றியது. பிறகு ஆளியின் தடை இன்னுங் கொஞ்சம் கூடியது, கதை முடிந்தது. ஒரு பொருளை மாற்றியதும் பழுது மறைந்தால் அந்தப் பொருளே பழுது என்று சொல்லிவிட முடியாது. இதை விஞ்ஞானப் பாடத்தின் வேறு அலகுகளிலும் காண்பீர்கள்.

4. சரியான முறையில் அளத்தல்

கவனிக்க: மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்களில் பற்றரியின் நேர் முடிவிடமே உடலோடு புவித்தொடுக்கப்பட்டிருந்தது. ஆகவே பல்மானியின் சிவப்பு முனையைக் காரின் உடலிலும் கறுப்பு முனையைச் சோதிக்கும் இடத்திலும் வைக்கவேண்டும். மாற்றி வைத்தால் முள் எதிர்த்திசையில் அடிக்கும். எண்மானியில் சயக் குறி தோன்றும். சில கார்களைப் பின்னாளில் எதிர்ப் புவித்தொடுப்புக்கு மாற்றியிருப்பார்கள். புத்தகத்தை நம்பாமல் பற்றரியிலிருந்து உடலுக்குப் போகும் தடித்த வயர் எந்த முடிவிடத்தில் இருக்கிறது என்று கண்ணாற் பாருங்கள்.

கொயிலின் மேல் இரு சிறு முடிவிடங்கள் உண்டு. எஸ்.டபிள்யூ. எனக் குறித்தது ஆளிப் பக்கம். வெள்ளை வயர் வரும். சி.பி. எனக் குறித்தது பொயின்ற் பக்கம். நடுவிலுள்ள தடித்த வயர் உயரழுத்தம். அதை வெறுங்கையாற் பிடிக்கக் கூடாது.

கியரை நியூற்றலில் விட்டு, டிஸ்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, சாவி அணைந்த நிலையில் எஞ்சினைக் கையாற் சிறிது சுழற்றிப் பொயின்றை மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். பின் சாவியைப் போட்டு இரு முடிவிடங்களையும் உடலோடு ஒப்பிட்டு அளவுங்கள். எஸ்.டபிள்யூ. பக்கம் பற்றரியின் அழுத்தத்துக்கு அரை வோல்ற்றுக்குள் இருக்கவேண்டும். சி.பி. பக்கம் பூச்சியத்தை ஒட்டியிருக்கவேண்டும், 0.2 வோல்ற்றுக்கு மேல் இருந்தால் பொயின்றிலோ அதன் புவித்தொடுப்பிலோ தடை இருக்கிறது. அளந்து முடிந்ததும் சாவியை அணைத்துவிடுங்கள். மூடிய பொயின்றோடு சாவி போட்டபடி நின்றால் கொயிலில் 12 × 4 = 48 வாற்று வலு வெப்பமாக வெளியேறிக்கொண்டே இருக்கும்; நல்ல கொயிலும் இதனாற் போய்விடும்.

எஸ்.டபிள்யூ. பக்கம் 7 அல்லது 8 மட்டும் என்றால் பழுது கொயிலுக்கு முன்னால். ஆளி, வெள்ளை வயரின் இணைப்பு, உருகிப் பெட்டியருகே உள்ள முடிவிடங்கள் என்று பின்னோக்கி நடந்து வாருங்கள். எந்த இரு புள்ளிகளுக்கிடையே வாசிப்பு திடீரென ஏறுகிறதோ அவற்றுக்கிடையே திருடன் இருக்கிறான். கையாலும் கண்டுபிடிக்கலாம். மேற்கண்ட கணக்கில் ஆளியில் 4.8 × 2.4 = 11.5 வாற்று வெப்பமாகிறது. ஒரு விரற் பருமனுள்ள இடத்துக்கு அது நல்ல சூடு.

சி.பி. பக்கமும் 12 காட்டினால், பொயின்ற் மூடியிருந்தும் மின்னோட்டம் ஓடவில்லை. பொயின்றின் முகத்தில் ஒட்சைட்டுப் படிந்திருக்கலாம். கொயிலிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்குப் போகும் வயர் உள்ளே அறுந்திருக்கலாம். பல மாதம் நிறுத்தி வைத்த காரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பொயின்றின் முகத்தைத்தான்.

பொயின்றைத் திறந்த பின்பும் சி.பி. பக்கம் பூச்சியமே என்றால் இரண்டு வழி உண்டு. ஒன்றில் கொயிலின் முதன்மைச் சுருள் அறுந்துள்ளது, அல்லது டிஸ்ரிபியூட்டருக்குள் ஏதோ உடலைத் தொட்டுக் குறுஞ்சுற்றாகியுள்ளது. பிரித்தறிவது எளிது. சி.பி. முடிவிடத்திலிருந்து வயரைக் கழற்றிவிட்டு அந்த முடிவிடத்தை மட்டும் அளவுங்கள். 12 வந்தால் கொயில் நலம், உள்ளே பாருங்கள். வராவிட்டால் கொயில் அறுந்தது. புதுப் பொயின்ற் பூட்டியவுடன் இந்தப் பழுது வந்தால், சிறு காவலி வளையத்தை இடம் மாறிப் போட்டிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் துணிந்து சொல்லலாம்.

இனித் தபாலதிபரின் காருக்கு வருவோம். ஒயறிங் முதியவர் வந்து டிஸ்ரிபியூட்டர் மூடியைத் திறந்ததும் சிரித்தார். பொயின்றுக்கிடையில் சிகரெட் பெட்டி மட்டையின் துண்டொன்று செருகியிருந்தது. முன்பு பார்த்தவர், கொயில் சூடாகாதிருக்க மட்டையைச் செருகிவிட்டு வயரை அளந்திருக்கிறார். அன்று காலை கார் நின்றபோதும் அதையே செய்து, மறந்து போயிருக்கிறார். சூடாகாமற் காத்தது நல்ல பழக்கம்தான். ஆனால் அந்த மட்டை இருக்கும்வரை மின்னோட்டம் பூச்சியம். மானி எந்நாளும் 12.4 என்றே காட்டும். முதியவர் மட்டையை உருவி எடுத்தார். சாவியைப் போட்டு அளந்தார். 7 வோல்ற்று. பற்றரியிலிருந்து ஒரு தனி வயரை எஸ்.டபிள்யூ. முடிவிடத்துக்கு நேரே தொடுத்தார். எஞ்சின் உடனே பற்றியது. (அப்படித் தொடுத்தால் சாவியால் எஞ்சினை அணைக்க முடியாது, வயரைக் கழற்றவேண்டும்.) சாவி ஆளியைக் கழற்றிப் பார்த்தபோது பின்புற முடிவிடம் ஒன்று வெப்பத்தில் நிறம் மாறியிருந்தது. பழைய ஆளி ஒன்றை வாங்கிப் பூட்டினார்கள். பழைய கொயிலைத் திரும்பப் போட்டும் கார் ஓடியது.

5. எஞ்சின் மெதுவாகச் சுழன்றால்

இது வேறு சுற்று, அதே விதி. முழுதாக மின்னேற்றிய ஈய அமிலப் பற்றரி ஓய்வில் 12.6 வோல்ற்று காட்டும், 12.2 என்றால் அரைவாசி, 11.8 என்றால் ஏறக்குறைய வெறுமை. இதை மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள்.

பற்றரியின் அகத்தடை 0.02 ஓம், தொடக்கி மோட்டரைத் தோராயமாக 0.085 ஓம் தடை எனக் கொள்வோம். மின்னோட்டம் 12.6 ÷ 0.105 = 120 அம்பியர். பற்றரியின் முடிவிடத்தில் 12.6 − (120 × 0.02) = 10.2 வோல்ற்று. மோட்டருக்குக் கிடைக்கும் வலு 10.2 × 120 = 1224 வாற்று.

இப்போது புவித்தொடுப்பு வயரின் இணைப்பில் துருவால் 0.05 ஓம் சேர்ந்தது. மொத்தம் 0.155 ஓம்; மின்னோட்டம் ஏறத்தாழ 81 அம்பியர். பற்றரியின் முடிவிடத்தில் 12.6 − 1.6 = 11 வோல்ற்று. மோட்டருக்கு 6.9 வோல்ற்று மட்டும்; வலு ஏறத்தாழ 560 வாற்று, முன்னையதன் பாதியிலும் குறைவு.

வேடிக்கையைக் கவனித்தீர்களா? பழுதுள்ள காரில் பற்றரியின் வாசிப்பு நல்ல காரைவிடக் கூடுதலாக இருக்கிறது! மோட்டர் தள்ளாடும்போது பற்றரி 11 வோல்ற்றில் நிமிர்ந்து நின்றால், பழுது பற்றரியில் அன்று, வழியில். பற்றரி நலிந்திருந்தால் வாசிப்பு 9.6க்குக் கீழ் விழும். இந்த ஒரு வேறுபாட்டை அறிந்தால் ஒரு பற்றரியின் விலை மிச்சம்.

இடத்தைக் கண்டுபிடிக்க, வெள்ளை வயரைக் கொயிலிலிருந்து கழற்றி எஞ்சின் பற்றாமற் செய்துவிட்டு, ஒருவர் ஸ்ராட் செய்ய மற்றவர் மானியை இணைப்புகளுக்குக் குறுக்கே வைக்கவேண்டும். பற்றரியின் ஈய முனைக்கும் அதைக் கவ்வும் கிளாம்புக்கும் இடையில், பின் புவித்தொடுத்த முனைக்கும் எஞ்சினின் வெற்று உலோகத்துக்கும் இடையில். நல்ல இணைப்பில் ஒரு வோல்ற்றின் சில பத்திலொன்றுகளுக்கு மேல் வரக்கூடாது. எஞ்சின் இறப்பர்த் தாங்கிகளில் அமர்ந்திருப்பதால் அதை உடலோடு இணைக்கும் ஏர்த் பட்டி ஒன்று உண்டு. அது அறுந்தால் நூறு அம்பியரும் வேறு வழி தேடிச் சோக் வயரூடாகப் பாயும். ஸ்ராட் செய்தபின் சோக் வயர் சுட்டால் பற்றரியைத் தொடவே வேண்டாம்; பட்டியைப் பாருங்கள்.

பற்றரி மின்னேறும்போது ஐதரசன் வாயு வெளிவரும். அதனருகே நெருப்பும் பொறியும் ஆகா. கழற்றும்போது புவித்தொடுத்த முடிவிடத்தையே முதலிற் கழற்றுங்கள்.

6. தொடர்த் தடை உள்ள கார்கள்

1970களின் பல கார்களில் கொயிலின் தடை 1.5 ஓம் மட்டும். அதனோடு தொடராக இன்னொரு 1.5 ஓம் தடை இருக்கும். இதைப் பலாஸ்ற் தடை என்பர். ஓடும்போது மொத்தம் 3 ஓம், 4 அம்பியர். ஸ்ராட் செய்யும்போது மட்டும் ஒரு தனி வயர் அத்தடையைத் தாண்டி நேரே கொயிலுக்குக் கொடுக்கும். பற்றரி 10க்கு இறங்கினாலும் 10 ÷ 1.5 = 6.7 அம்பியர் வரை கிடைக்கும். மிகச் சாதுரியமான ஏற்பாடு.

இவ்வகைக் காரில் பழுதே தன் பெயரைச் சொல்லும். சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை எஞ்சின் பற்றி, விட்டவுடன் ஓய்ந்தால் அந்தத் தடை அறுந்தது. திருப்பிப் பிடிக்கும்வரை பற்றாமல், விடும் கணத்தில் ஒருமுறை பற்றினால் தாண்டு வயர் அறுந்தது.

கொயில் வாங்கும்போதும் தடையை அளந்து வாங்கவேண்டும். 1.5 ஓம் கொயிலைத் தொடர்த் தடையில்லாத மைனரிற் பூட்டினால் 8 அம்பியர் ஓடும். கொயிலும் பொயின்றும் கருகும். 3 ஓம் கொயிலைத் தொடர்த் தடையுள்ள காரிற் பூட்டினால் 2.7 அம்பியர், பொறி நலியும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

பயிற்சி வினாக்கள்

(1) ஒரு மொறிஸ் மைனரில் பொயின்ற் மூடியுள்ளபோது எஸ்.டபிள்யூ. முடிவிடம் 11.8 வோல்ற்று, சி.பி. முடிவிடம் 2.8 வோல்ற்று காட்டுகின்றன. கொயிலின் தடை 3 ஓம். (அ) முதன்மைச் சுருளில் பாயும் மின்னோட்டம் யாது? (ஆ) மேலதிகத் தடை எங்குள்ளது, எவ்வளவு?

(2) ஒரு மாணவன் கொயிலின் வெள்ளை வயரைக் கழற்றி, அதன் நுனியை மானியால் அளந்து 12 வோல்ற்று கண்டு, "ஆளி நல்லது" என எழுதினான். இம்முடிவு ஏற்கத்தக்கதா? வயரைக் கழற்றாமலே ஆளியைச் சோதிக்க மானியை எங்கே இணைப்பீர்?

விடைகள்

(1) (அ) கொயிலுக்குக் குறுக்கே 11.8 − 2.8 = 9 வோல்ற்று. மின்னோட்டம் 9 ÷ 3 = 3 அம்பியர். (ஆ) சி.பி. முடிவிடத்துக்கும் உடலுக்கும் இடையில், அதாவது பொயின்ற் பக்கத்தில், 2.8 ÷ 3 = ஏறத்தாழ 0.93 ஓம். பொயின்றின் முகத்தையும் டிஸ்ரிபியூட்டர்த் தட்டின் புவித்தொடுப்பையும் துப்புரவு செய்க.

(2) ஏற்கத்தக்கதன்று. கழற்றிய வயரில் மின்னோட்டம் இல்லை. ஆளியில் இழப்பும் இல்லை. வயரைக் கொயிலில் பூட்டி, பொயின்ற் மூடிய நிலையில் சாவியைப் போட்டு, மானியை ஆளியின் இரு முடிவிடங்களுக்கும் குறுக்கே இணைக்கவேண்டும். பூச்சியத்தை ஒட்டிய வாசிப்பு வந்தால் ஆளி நல்லது, 4.8 போன்ற வாசிப்பு வந்தால் அதை மாற்றுக.